பிரிக்கக் கூடாத கவர்: ஒன்டாரியோவில் சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு

கோயம்புத்தூரில் 11 ஆண்டுகள் இன்சூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தேன். பாலிசியின் பொடி எழுத்துகளைப் படித்துப் படித்தே சட்டத்தின் மேல் ஆசை வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள ஸ்கார்பரோவுக்குக் குடிவந்தபின், நாற்பதை நெருங்குகிறவள் நுழைவுத் தேர்வுப் புத்தகத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கண்டதும் துணிவு வந்தது. துணிந்த முதல் முயற்சியிலேயே ஓர் ஆண்டைத் தொலைத்தேன்.

பொதுவான விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே சட்டப் படிப்பு மூன்றாண்டு, ஜே.டி. என்பார்கள். வழக்கமாக ஒரு பட்டத்துக்குப் பிறகு சேர்வது. ஒன்டாரியோவில் உள்ள எட்டுச் சட்டக் கல்லூரிகளுக்கும் ஒல்சாஸ் என்ற ஒரே சேவை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1. எல்சாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வில் 120 முதல் 180 வரை மதிப்பெண் தருவார்கள். அதிலிருந்த புதிர்ப் பகுதியை 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். எனக்கு நன்றாக வந்த ஒரே பகுதி அதுதான். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கட்டணம் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள் மாகாண அரசின் ஓசாப் என்ற மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஊரிலேயே பி.எல். முடித்தவர்களுக்குப் பாதை வேறு, அவர்கள் வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை எடைபோடும் என்.சி.ஏ. மதிப்பீட்டைப் பார்க்கவும்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் கடிதத்தை நாமே தட்டச்சு செய்து, பேராசிரியரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வருவோம். 'எனக்குத் தெரிந்தவரை நன்னடத்தை உள்ளவர்' என்று ஒரு வரி இருந்தால் போதும். இங்கே அவரே எழுதி அவரே நேராக அனுப்ப வேண்டும். உங்களை உண்மையிலேயே நினைவில் வைத்திருப்பவராகப் பாருங்கள். படித்து நெடுங்காலம் ஆகிவிட்டது, பேராசிரியர்கள் யாரும் தொடர்பில் இல்லை என்றால், பணியிட மேலதிகாரியின் கடிதத்தை ஏற்பார்களா என்று ஒவ்வொரு கல்லூரியின் விதியிலும் தேடுங்கள்.

இனி நான் விழுந்த குழி. குடியேற்றத்துக்காக ஈ.சி.ஏ. என்ற கல்வி மதிப்பீட்டை எல்லோரும் வாங்கியிருப்போம். என் பி.காம். இங்குள்ள இளங்கலைக்குச் சமம் என்று அதில் அழகாக அச்சடித்திருந்தது. அதை நம்பிக் கோடை முழுவதும் எல்சாட்டுக்கு மட்டும் படித்தேன். செப்டம்பர் கடைசியில்தான் விதியை ஒழுங்காகப் படித்தேன். ஊரார் பாலிசியில் ஷரத்து தேடியவள் இதைத் தேடவில்லை. சட்டக் கல்லூரிக்கு வேண்டியது பாடவாரியான மதிப்பெண்ணும் ஜி.பி.ஏ. என்ற சராசரிப் புள்ளியும் உள்ள மதிப்பீடு. ஈ.சி.ஏ.வில் அது கிடையாது. நான் ஈ.சி.ஏ. வாங்கிய நிறுவனமும் வேறு. பழைய கோப்பு உதவவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் என்ற முழு மதிப்பெண் பட்டியல் புதிதாக வர வேண்டும், முத்திரையிட்ட கவரில்.

அப்பாவிடம் சொன்னேன். கருவூலத்தில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரிபார்க்காத ஒரு பில்லைக்கூட மேசையைத் தாண்ட விட்டதில்லை. செலான் கட்டி, மூன்று முறை அலைந்து, அக்டோபர் நடுவில் கவரை வாங்கிவிட்டார். அன்றிரவு போன் வந்தது.

"ஏம்மா, நாலாவது செமஸ்டரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அரியர் வைத்திருந்தாயா? எங்களிடம் சொல்லவே இல்லையே?"

அரியர் வெளிப்பட்ட வெட்கம் முதலில் வந்தது. அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. கவரைப் பிரித்து, பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, கோந்து போட்டு முன்பைவிட அழகாக ஒட்டி, கூரியரிலும் சேர்த்துவிட்டிருந்தார். மடிப்பின் மேலிருந்த கையெழுத்து ஒரு நூல் விலகியிருந்தது போலிருக்கிறது. மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்கவில்லை. விண்ணப்பம் நேரத்துக்குப் போயும் மதிப்பீடு சேராமல் அந்த ஆண்டு அப்படியே கிடந்தது.

ஆகவே எல்சாட் புத்தகம் வாங்கும் முன் டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பியுங்கள். ஒல்சாஸ் கேட்பது எந்த நிறுவனத்தின் எந்த வகை மதிப்பீடு என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கவர் உங்கள் வீட்டார் கை வழியாக வரலாமா, பல்கலைக்கழகமே அனுப்ப வேண்டுமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். அஞ்சல்வழியில் எம்.காம். சேர்ந்து ஓராண்டில் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். முடிக்காத படிப்பும் கணக்கில் வரும். அந்த ஓராண்டுக்கும் தனி டிரான்ஸ்கிரிப்ட், தனி அலைச்சல்.

மறு ஆண்டு மார்ச்சிலேயே அப்பா இரண்டாவது கவரை வாங்கி வந்தார். கூரியர்காரர் வரும்வரை அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.