720720: பெரிய எண்ணொன்றைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் ஆறிலக்க எண் ஒன்றைக் கொடுத்தால், மறுகணமே 2 ஆல் வகுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிழையில்லை, அவசரம், அவ்வளவுதான். தாளும் பென்சிலும் எடுங்கள். காரணி, முதன்மை எண், சுட்டி மூன்றும் தெரிந்தால் போதும்.

படி 1: வகுக்குமுன் பாருங்கள்

720 இரண்டு முறை வருகிறது. ஆகவே 720720 = 720 × 1000 + 720 = 720 × 1001. இந்த 1001 என்பது 7 × 11 × 13. மனப்பாடம் செய்துவைத்தால் வீண்போகாது. மூன்று இலக்கங்கள் அப்படியே திரும்பிவரும் எந்த எண்ணையும் இந்த மூன்றும் மீதியின்றி வகுக்கும்.

படி 2: முதன்மைக் காரணிகள்

720 = 2⁴ × 3² × 5. எனவே

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

பழகுவதற்கு 315315 ஐ எடுங்கள். 315 க்குள்ளும் ஒரு 7 ஒளிந்திருக்கிறது. 7² என்று எழுத மறப்பவர்களே அதிகம்.

படி 3: எத்தனை காரணிகள்?

சுவையான இடம் இதுதான். ஒரு காரணியை உருவாக்கும்போது 2 ஐ எடுக்காமலே விடலாம். ஒன்று முதல் நான்கு தடவை வரை எடுக்கவும் செய்யலாம். ஆக 5 வழிகள். 3 க்கு 3 வழிகள். மற்ற நான்குக்கும் தலா 2.

5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240

உதாரணமாக 2² × 3 × 11 = 132. சரிபாருங்கள்: 132 × 5460 = 720720.

பத்து இலட்சத்துக்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் 240 ஐ விட அதிகமான காரணிகள் கிடையாது. தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களைப் பற்றி இராமானுஜன் 1915 இல் நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். 720720 அந்த வகையைச் சேர்ந்தது.

1 முதல் 16 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுவே. கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர்கள் 720720 ரூபாயைச் சமமாகப் பங்கிடுகிறார்கள் என்று வையுங்கள் (வலை முதலாளியின் பங்கை இப்போதைக்கு மறந்துவிடுவோம்). பதினாறு பேர் வரை எத்தனை பேர் நின்றாலும் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. பதினேழாவது ஆள் வந்து சேர்ந்தால் 5 ரூபாய் மிஞ்சும்.

படி 4: காரணிகளின் கூட்டுத்தொகை

முதலில் 12 இல் (2² × 3) செய்து பாருங்கள்: ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் 1 முதல் அதன் உயர்ந்த சுட்டி வரை கூட்டிப் பெருக்கினால் (1+2+4) × (1+3) = 28. அதே முறையில் 2 க்கு 1+2+4+8+16 = 31, 3 க்கு 1+3+9 = 13, மற்றவற்றுக்கு ஒன்று கூட்டினால் போதும்:

31 × 13 × 6 × 8 × 12 × 14 = 3249792

720720 ஐக் கழித்தாலும் 2529072 மிஞ்சுகிறது; எண்ணைவிட மூன்றரை மடங்கு!

படி 5: பக்கத்து எண்கள்

720722 ஐ 2 வகுக்கும், 720723 ஐ 3 வகுக்கும். இப்படியே 720736 ஐ 16 வகுக்கும். தொடர்ந்து 15 எண்கள், ஒன்றுகூட முதன்மை எண் இல்லை.

நடுவே விட்டுப்போன 720721 முதன்மை எண்ணா? 2 முதல் 13 வரையான முதன்மை எண்களால் வகுத்தால் எப்போதும் 1 மிஞ்சும். அதன் வர்க்கமூலம் 849 ஐத் தாண்டாததால், 17 முதல் 839 வரையுள்ள முதன்மை எண்களைச் சோதித்தால் போதும். இதற்கு மட்டும் கணிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள்.