கல்யாண வீட்டுக்குப் போய்க் குடிக்காமல் திரும்புவது எப்படி?

குடியை விட்டு 3 வாரம் ஆகியிருக்கிறது. தவிர்க்க முடியாத உறவில் ஒரு கல்யாணம் வருகிறது. முகூர்த்தத்தில் சிக்கலே இல்லை. முந்தின நாள் வரவேற்பு முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் யாரோ கார் டிக்கியைத் திறப்பார்களே, அந்த ஒரு மணி நேரம்தான் சிக்கல்.

தினமும் குடித்துவிட்டு நேற்றுதான் நிறுத்தியவருக்கு இது பொருந்தாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

படி 1: வீட்டிலேயே முடிவெடுங்கள்

முகூர்த்தத்துக்கு மட்டும் போனால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மொய் எழுதி, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு பஸ் ஏறிவிடலாம். இரவு தங்கியே ஆகவேண்டுமென்றால் குழந்தைகள் இருக்கும் அறையில் பாயைப் போடுங்கள். மச்சான் காரில் போகாதீர்கள். அவர் கிளம்பும்போதுதான் நீங்களும் கிளம்ப முடியும்.

படி 2: முதல் பந்தியில் உட்காருங்கள்

பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடிக்கும் ஆசையைக் கிளப்பும். கல்யாண வீட்டில் நான்கும் ஒரே இரவில் கிடைக்கும். பசியையாவது தீர்த்துவிடலாம்.

படி 3: காரணம் சொல்லாமல் மறுங்கள்

"இல்லை மாமா, விட்டுவிட்டேன்." அவ்வளவுதான். நான் ஒருமுறை ஒரு மாமாவிடம், "மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "எத்தனை நாளைக்கு?" என்றார். ஐந்து நாள் என்றேன். ஆறாம் நாள் மாலை வாசலில் வந்து நின்றார்! காரணம் சொன்னால் பேரம் தொடங்கிவிடும். "இல்லை, விட்டுவிட்டேன்" என்ற அந்த இரண்டு சொற்களையும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கூச்சம் அங்கேயே கழியட்டும். கையில் நீங்களே மூடி திறந்த சோடா இருக்கட்டும். கீழே வைத்துவிட்டு எங்காவது போனால், திரும்பி வந்து அதை எடுக்காதீர்கள்.

படி 4: அலை இறங்கும்வரை வேலை செய்யுங்கள்

இத்தனைக்குப் பிறகும் நாக்கு நமநமக்கும். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இந்த ஆசையை அலைக்கு ஒப்பிட்டார்: ஏறும், உச்சம் தொடும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதோடு மல்லுக்கட்டாமல், தொண்டையிலா வயிற்றிலா எங்கே பிடித்திருக்கிறது என்று கவனியுங்கள். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டாம். பந்தி பரிமாறப் போங்கள். சாம்பார் வாளி தூக்கியவனிடம் யாரும் கிளாஸை நீட்டுவதில்லை.

படி 5: ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்

இரவு 11 மணிக்கு அழைத்தாலும் எடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 இருக்கிறது.

ஒரு மடக்கு உள்ளே போய்விட்டால், "கெட்டது கெட்டதுதான்" என்று மீதியையும் குடிக்காதீர்கள். கீழே ஊற்றிவிட்டு அவரை அழையுங்கள். குடியை நிறுத்த மருத்துவர் தரும் டைசல்பிரம் மாத்திரை எடுப்பவர் என்றால் ஒரு மடக்கே ஆபத்து. நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.