ஹெர்2 ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி?

மார்பகக் கட்டியின் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஹெர்2 என்ற வரியைத் தேடுங்கள். 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு, செல்லின் சவ்வில் நிற்கும் ஓர் ஏற்பிப் புரதத்தை உருவாக்குகிறது. வளரவும் பிரியவும் சொல்லும் சமிக்ஞையை உள்ளே கடத்துவது அதன் வேலை. சாதாரண செல்லில் இந்த மரபணு இரண்டு பிரதிதான். சில கட்டிகளில் அது பல மடங்கு பெருகிவிடும். அப்போது சவ்வில் நெருக்கியடித்து நிற்கும் ஏற்பிகள் தங்களுக்குள்ளும் ஹெர்3 என்ற உறவு ஏற்பியுடனும் ஜோடி சேர்ந்து, ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். மார்பகப் புற்றுகளில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் இந்த வகை, அதாவது ஹெர்2 பாசிட்டிவ்.

முதலில் ஐ.எச்.சி. மதிப்பெண்ணைப் பாருங்கள். திசுவில் சாயம் ஏற்றி, சவ்வில் இந்தப் புரதம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை இது. 3+ என்றால் பாசிட்டிவ்: 10 சதவீதத்துக்கும் மேற்பட்ட புற்று செல்களில் சவ்வு முழுச் சுற்றும் அடர்பழுப்பாகி, மைக்ராஸ்கோப்பில் கம்பி வலை விரித்தது போலத் தெரியும். 0, 1+ இரண்டும் நெகட்டிவ். ஆனாலும் 1+ஐக் குறித்து வையுங்கள். நோய் பரவிய நிலையில் சில மருந்துகளுக்கு அது கணக்கில் வரும்.

தடுமாற வைப்பது 2+. அதைப் 'பாதி பாசிட்டிவ்' என்று நினைத்துவிடுகிறார்கள். அது விடையே இல்லை, மரபணுவின் பிரதிகளையே எண்ணும் ஃபிஷ் பரிசோதனை செய்தாக வேண்டும் என்றுதான் அர்த்தம். ஃபிஷ்ஷில் குறைந்தது 20 செல்களில் ஒளிப்புள்ளிகளை எண்ணுவார்கள். ஹெர்2-க்கும் குரோமோசோம் 17-க்கும் உள்ள விகிதம் 2.0 அல்லது அதற்கு மேல், ஒரு செல்லில் ஹெர்2-இன் சராசரிப் பிரதி 4 அல்லது அதற்கு மேல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால் பாசிட்டிவ். ஒன்று மட்டும் வந்தால் ஐ.எச்.சி. சிலைடை மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

தவறு பெரும்பாலும் சாயம் போடும் முன்பே நடந்துவிடுகிறது. எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் திரவத்தில் விழ வேண்டும்; 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். தாமதித்தால் புரதம் சிதைந்து சாயம் வெளிறும், பாசிட்டிவ் கட்டி நெகட்டிவாகத் தெரியும். இந்த நேரங்கள் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். திசுவின் நசுங்கிய ஓரங்கள் பொய்யாகக் கருக்கும், அவற்றை எண்ணக் கூடாது. சைட்டோபிளாசத்தில் மட்டும் ஏறிய நிறமும், பால் நாளத்துக்குள்ளேயே அடங்கிய புற்றும் கணக்கில் சேராது.

நோய் திரும்பினால் முடிந்தவரை புதிய இடத்திலிருந்து திசு எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஹெர்2 நிலை மாறியிருக்கலாம். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது சிலைடோடு பாரஃபின் பிளாக்கையும் (திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி) கேட்டு வாங்குங்கள். புதிதாக வெட்டிச் சாயம் போட அதுதான் தேவைப்படும்.