பழைய க்ரோனோகிராஃப் வாட்ச் வாங்கும் முன்

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப்கள் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்கள்) நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் அவ்வப்போது விலைக்கு வரும். விற்பவர் "உள்ளே கம்பெனியே செய்த மெஷினாக்கும்" என்றால் உடனே மயங்கிவிடாமல் மெஷின் எண்ணைக் கேளுங்கள். ரோலெக்ஸ் டேடோனாவிலேயே 1988 முதல் 2000 வரை ஓடியது செனித் என்ற வேறு கம்பெனியின் எல் ப்ரிமேரோவை மாற்றியமைத்த மெஷின்தான், சொந்தத் தயாரிப்பான 4130 மெஷின் வந்ததே 2000-இல். ஆக, வெளி மெஷின் என்றாலே மட்டம் என்பதெல்லாம் சும்மா பேச்சு.

சரி, கிரவுனை (சாவி கொடுக்கும் திருகை) இருபது முப்பது சுற்று சுற்றிவிட்டு மேல் பட்டனை அழுத்தி, க்ரோனோவின் விநாடி முள்ளை மட்டும் பாருங்கள். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு புறப்பட்டால் பெரும்பாலும் செங்குத்து கிளட்ச், அதாவது க்ரோனோவை மெஷினோடு இணைக்கும் பாகம் மேலும் கீழுமாகச் சேரும் வகை. லேசாகத் துள்ளினால் பக்கவாட்டில் பல்லோடு பல் சேரும் வகையாக இருக்கும், அது பழுதல்ல. அப்புறம் நிறுத்திவிட்டுக் கீழ்ப் பட்டன், அதுதான் ரீசெட். முள் நேராக 12-இல் போய் நிற்க வேண்டும், மயிரிழை தள்ளி நின்றாலும் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஓடும்போதே ரீசெட்டை அழுத்தாதீர்கள், ஃப்ளைபேக் மாடல் (ஓடும்போதே ரீசெட் செய்யக்கூடியது) என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் கட்டிய வாட்ச் என்றால் பட்டன் இடுக்கை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உப்பும் வேர்வையும் சேர்ந்து அங்கேதான் பிடிக்கும், அழுத்திய பட்டன் சோம்பலாக மேலே வரும். க்ரோனோவைப் பிரித்து மாட்டச் சாதாரண ஆட்டோமேட்டிக்கை விட நன்றாகவே செலவாகும், அதை விசாரித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.