பொதிகை மலைக்கு மூன்று நாள் நடை: தயாராவதும், வழியில் காட்டை அடையாளம் காண்பதும்

சென்னையிலிருந்து மழைக்காட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று கால். மெரினாவில் தினமும் ஆறு கிலோமீட்டர் வேகமாக நடப்பவருக்கும், வேரும் சேறுமாக இருக்கும் ஏற்றத்தில் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான் வரும். இன்னொன்று கண். பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்று நினைத்துவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் நின்று படமெடுத்து "அடர்ந்த காட்டுக்குள்" என்று எழுதுகிறார்கள். அந்தத் தேயிலை நிற்கிற இடம்தான் வெட்டப்பட்ட காடு.

ஒரே நாளில் போய்த் திரும்பும் பாதை போதுமென்றால், தமிழ்நாடு வனத்துறை 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்யலாம். நீண்ட நடை வேண்டுமென்றால் அகத்தியர்கூடம், அதாவது 1868 மீட்டர் உயரமுள்ள பொதிகை. பதிவு கேரள வனத்துறையிடம். மகரவிளக்கை ஒட்டித் தொடங்கி சிவராத்திரி வாக்கில் முடியும் குறுகிய பருவம் அது. பதிவு திறந்ததும் இடங்கள் தீர்ந்துவிடும் என்பதால் டிசம்பர் கடைசியிலிருந்தே வனத்துறையின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். உடல்தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். வண்டி ஏறுவதற்கு முன்பே தெரிந்த மருத்துவரிடம் வாங்கிவிடுங்கள். எழும்பூரிலிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸிலோ சென்ட்ரலிலிருந்து திருவனந்தபுரம் மெயிலிலோ போய், நெடுமங்காடு, விதுரை வழியாக, நடை தொடங்கும் போனக்காடு சேர வேண்டும். அனுமதி இல்லாமல் "தெரிந்த ஆள் இருக்கிறார், உள்ளே கூட்டிப்போவார்" என்பவரை நம்பிப் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆறு வாரப் பயிற்சி

சென்னையில் பெரிய மலை இல்லை, மாடிப்படி இருக்கிறது. வாரம் மூன்று நாள், பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கைப் போட்டுக்கொண்டு பத்து மாடிக் கட்டடத்தில் நான்கு முறை ஏறி இறங்குங்கள். ஐந்தாவது வாரத்துக்குள் எட்டு பாட்டில் ஆக வேண்டும். பலரும் செய்கிற தவறு, படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குவது. மலையில் முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். தொடைத் தசைக்கு இறங்கிப் பழக்கம் இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் இறங்க வேண்டியிருக்கும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் போய், முழுச் சுமையோடு மலைப்படியை மூன்று தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். அன்று கடிக்கிற ஷூ காட்டிலும் கடிக்கும். வேறு வாங்க இன்னும் நேரம் இருக்கிறது.

ஈரம்

மழைக்காட்டில் எதுவும் காயாது. இதை ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனத்துத் தொடையை உராயும். பருத்தி பனியனும் அப்படித்தான், உச்சிக் காற்றில் உடம்பைச் சில்லிட வைத்துவிடும். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் உடையில் இரண்டு செட் போதும். ஒன்று நடக்க, ஒன்று தூங்க. தூங்கும் செட்டையும் ஒரு ஜோடி சாக்ஸையும் ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுங்கள். முகாமில் மட்டும்தான் அதைத் திறக்க வேண்டும். மறுநாள் காலை அந்தக் காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டு, நேற்றைய ஈரத் துணியையே மறுபடி போட வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் கொடுமையாக இருக்கும், நடக்க ஆரம்பித்ததும் சரியாகிவிடும். இந்த ஐந்து நிமிஷத்துக்குப் பயந்து காய்ந்த துணியில் கிளம்புகிறவர்கள் அன்றிரவு ஈரத்தில் படுக்கிறார்கள்.

பைக்கு மேலே மாட்டும் மழை உறையை நம்ப வேண்டாம். முதுகுப் பக்கம் திறந்திருப்பதால் கழுத்தில் வழியும் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். பாரிமுனையில் கிடைக்கும் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைத் தோள்பைக்குள் விரித்து, அதற்குள் சாமான்களை அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரோடு சேர்த்து மொத்தச் சுமை எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலில் வெளியே எடுக்க வேண்டியது கூடுதல் உடுப்பு.

ஷூ விஷயத்தில் விலை அதிகமானது நல்லது என்று இல்லை. கணுக்கால் வரை வரும் தோல் பூட்ஸுக்குள் ஓடைத் தண்ணீர் புகுந்தால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். வலைத்துணி வைத்த, அடியில் ஆழமான பள்ளம் உள்ள லேசான ஷூவில் தண்ணீர் புகுந்தாலும் பத்தடியில் வெளியேறிவிடும். காலில் சேற்றுப்புண் வராமல் இருக்க, கிளம்புமுன் விரலிடுக்கில் வாசலின் தடவுங்கள். மதியம் பதினைந்து நிமிஷம் ஷூவைக் கழற்றிக் காலைக் காற்றில் விடுங்கள். இரவில் துடைத்துப் பவுடர் போட்டுக் காய்ந்த சாக்ஸ் மாட்டுங்கள். போவதற்கு இரண்டு நாள் முன்பே நகம் வெட்டிவிடுங்கள், கிளம்பும் அன்று வேண்டாம்.

அட்டை

அகத்தியர்கூடப் பாதையில் அட்டையாறு என்றே ஒரு ஓடை இருக்கிறது. நெருக்கமான நெசவில் முட்டி வரை வரும் லீச் சாக்ஸ் வாங்கி, பேண்ட்டை அதற்குள் செருகி, மேலே கயிற்றை இறுக்குங்கள். சட்டையையும் பேண்ட்டுக்குள் விட வேண்டும்; கீழே வழி இல்லையென்றால் அட்டை மேலே ஏறி இடுப்பில் உட்காரும். உப்பைத் துணியில் கிழியாகக் கட்டிக் கம்பு நுனியில் வைத்துக்கொண்டு, ஷூவில் ஏறும் அட்டையைத் தொட்டால் விழுந்துவிடும். மழையில் அந்தக் கிழி அரை மணி நேரம்கூடத் தாங்காது, கையில் கூடுதல் உப்பு இருக்கட்டும்.

கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் மட்டும் உப்பும் போடாதீர்கள், தீக்குச்சியும் வைக்காதீர்கள். வயிற்றிலிருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடும். மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிறகு தடித்த முனையைத் தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை விட்டுப்போகும் பொருளால் மணிக்கணக்கில் கசியும், பயப்பட வேண்டாம். கழுவி, பஞ்சு வைத்து அழுத்தி, பிளாஸ்டர் ஒட்டினால் போதும்.

பாம்பைப் பற்றி ஒரே ஒரு தகவல். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. இந்த மலைகளில் இலைச் சருகில் படுத்திருக்கும் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. ஆகவே கடிபடாமல் இருப்பதுதான் வைத்தியம்: விழுந்த மரத்தைத் தாண்டும்போது அதன் மேல் ஏறி நின்று மறுபக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள், பார்க்காத இடத்தில் கை வைக்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அந்த உறுப்பை அசையாமல் வைத்து, கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவதுதான் வழி.

தண்ணீரும் நேரமும்

ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்கலாம். ஆனால் அந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். மேலே தேயிலையோ ஏலமோ இருந்தால் பூச்சிமருந்து கலந்திருக்கும். கொதித்தாலும் அது போகாது.

கடக்க வேண்டிய ஓடை கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே மழை என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் கரையில் உட்காருங்கள். மலை ஓடை எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, பெரும்பாலும் சில மணி நேரத்தில் அதே போல் வடியும். இங்கேயே ஒன்றைக் கவனிக்கலாம். சருகும் வேரும் மூடிய சரிவில் மழைநீர் ஊறி மெல்ல இறங்கும், ஓடை அவ்வளவாகக் கலங்காது. மேலே காடு திறந்து கிடந்தால் சிறு மழைக்கே செம்மண் கரைந்து டீ நிறத்தில் வரும். பாதை அந்தப் பக்கம் போகாவிட்டாலும், மேலே என்ன நடந்திருக்கிறது என்பதைத் தண்ணீரின் நிறம் ஓரளவு சொல்லும்.

மரங்களின் நிழலில் மாலை நாலரைக்கே இருட்டத் தொடங்கும். உச்சிக்குப் போகும் நாளில், எங்கே நின்றாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். களைத்த பிறகு அந்த முடிவை யாரும் எடுப்பதில்லை. இரண்டாம் நாள் உச்சிக்கு அருகே கயிறு பிடித்து ஏறும் பாறைகள் உண்டு. பாறை ஈரமாக இருந்து வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வழிகாட்டிகளில் பலர் அந்த மலையின் காணிக்காரப் பழங்குடியினர்; யானை வாசனையை உங்களுக்கு முன்னால் பிடித்துவிடுவார்கள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அவர் கையசைப்பைத் தவறவிடாதீர்கள்.

வெட்டிய காட்டை எப்படி அடையாளம் காண்பது

போனக்காட்டில் பாதை தொடங்கும் இடமே பழைய தேயிலைத் தோட்டம். அங்கிருந்து ஓடைக்காடு, வெயில் கொளுத்தும் புல்வெளி, பிறகு முட்டி மார்பில் இடிக்கும் ஏற்றத்தில் பசுமைமாறாக் காடு, உச்சியில் காற்றுக்குக் குட்டையான மரங்கள் என்று மாறிக்கொண்டே போகும். புல்வெளி எல்லாம் அழிந்த காடு என்று நினைக்க வேண்டாம். மேற்குத்தொடர்ச்சி மலையின் உயரத்தில் புல்லும் இயற்கைதான்.

அழியாத மழைக்காட்டின் முதல் அடையாளம், உள்ளே நடக்க முடியும் என்பது. வெளிச்சம் தரைக்கு வராததால் கீழே புதர் குறைவு. சருகு மெத்தை, பலகை போல விரிந்த வேர்கள், தொடை தடிமனில் கொடிகள், தண்டெல்லாம் பாசி. உயர்ந்த வெடிப்பலா மரத்தடியில் அதே மரத்தின் முட்டியளவு கன்று, ஆளுயரக் கன்று, கை தடிமன் மரம் என்று எல்லா வயதும் நிற்கும். நின்று இதை எண்ணிப் பாருங்கள். பாட்டி முதல் பேத்தி வரை இருந்தால் காடு நன்றாக இருக்கிறது.

கத்தி இல்லாமல் நுழைய முடியாத அடர்த்தியைப் பார்த்து "என்ன காடு!" என்று வியப்பவர்கள் பெரும்பாலும் கெட்டுப்போன இடத்தில்தான் நிற்கிறார்கள். மேலே ஓட்டை விழுந்து வெயில் இறங்கியதால் உண்ணிச்செடியும் முள்ளும் கிளம்பியிருக்கின்றன. வட்டக்கண்ணி மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: தட்டு அகல இலை, காம்பு இலையின் ஓரத்தில் இல்லாமல் உள்ளே ஒட்டியிருக்கும். அது கூட்டமாக, ஒரே உயரத்தில் நின்றால் அங்கே சில ஆண்டுகளுக்கு முன் மரம் போயிருக்கிறது. புதருக்குள் காப்பிச்செடி தென்பட்டால் அது கைவிட்ட தோட்டமாக இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்திலிருந்து பரவியதாகவும் இருக்கலாம். வரிசையாக நிற்கும் தேக்கும் தைலமரமும் யாரோ நட்டவை.

ஏமாற்றுவதில் முதலிடம் ஏலத்தோட்டத்துக்கு. மேலே பெரிய மரங்கள் அப்படியே நிற்கும், கீழே கன்று எல்லாவற்றையும் அறுத்துவிட்டு ஏலம் வைத்திருப்பார்கள். பாட்டி இருக்கிறாள், பேத்தி இல்லை. அந்த மரங்கள் விழுந்தால் அவற்றின் இடத்துக்கு வர ஆள் இல்லை.

காற்றில் விழுந்த மரமா, வெட்டிய மரமா? காற்றில் விழுந்தது வேர்த்தட்டோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு கிடக்கும், அல்லது சிலாம்பாக முறிந்திருக்கும். தலைப்பகுதியும் பக்கத்திலேயே இருக்கும். வெட்டியதில் அடிக்கட்டை தட்டையாக இருக்கும், கிளைகள் மட்டும் கிடக்கும், நடுத்தண்டு காணாமல் போயிருக்கும். இதைவிடத் தந்திரமானது, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிடுவது. மரம் நின்றபடியே மெல்லச் சாகும், பிறகு 'பட்ட மரம்' என்று எடுத்துப்போகலாம். குங்கிலிய மரத்தின் அடியில் தெரியும் வெட்டுத் தழும்பு வேறு. அது பிசின் எடுத்த தடம். காட்டுப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குத் தருகிறது. தேயிலை நடுவே சில்வர் ஓக் மரங்கள் மொட்டையாக நிற்பதும் அழிவு அல்ல, நிழலைக் குறைக்கக் கிளை கழிப்பது வழக்கமான வேலை.

புதிதாக வெட்டியதைப் பார்த்தால், அதாவது மரத்தூள் இன்னும் வெளுப்பாக, அடிக்கட்டையில் பால் கசிந்துகொண்டிருந்தால், அங்கே நிற்காதீர்கள், யாரையும் கேள்வி கேட்காதீர்கள். ஆட்களைப் படமெடுக்க வேண்டாம். அடிக்கட்டையின் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்து, அளவு தெரியும்படி ஒரு படம்; நான்கு திசையிலும் ஒவ்வொரு படம். கேமராவில் இருப்பிடப் பதிவை முன்பே போட்டிருந்தால் இடமும் நேரமும் தானாக ஏறிவிடும், சிக்னல் தேவையில்லை. கீழே இறங்கிய பிறகு வனச்சரகர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் போட்டால் வெட்டியவருக்குத்தான் முதலில் தகவல் போகும்.

வீட்டுக்கு வந்து கூகுள் எர்த் ப்ரோவில் நடந்த பாதையைத் திறந்து, பழைய ஆண்டுப் படங்களை நகர்த்திப் பாருங்கள். குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் வரைபடம் 2001 முதல் ஆண்டுவாரியாக மர இழப்பைக் காட்டும். அதன் கணக்கைப் புரிந்துகொண்டு பாருங்கள்: ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான எதுவும் அதற்கு மரம். நட்ட தைலமரத்தை அறுவடை செய்தால் இழப்பு என்று காட்டும். ஏலத்துக்காகக் கன்றுகளை அழித்தது அதில் தெரியாது. இந்திய வன அளவைத் துறையின் 'வனப் பரப்பு' கணக்கும் இப்படித்தான்: ஒரு ஹெக்டேர் நிலத்தில் பத்து சதவீதத்தை மரத்தழை மூடியிருந்தால் தோப்பும் அதில் சேரும்.

ஷூவையும் வெல்க்ரோவையும் வீட்டில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். களை விதைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்கு இப்படித்தான் பயணம் போகின்றன. திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் "காட்டில் நடந்துவிட்டு வந்தேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டது போன்ற வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் போங்கள். புதரில் இருக்கும் நுண்ணிய உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே அடங்கிவிடும்.