கொயருக்கு நொட்டேஷன் அடிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

நவம்பர் பிறந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் சர்ச் கொயர்களில் (பாடகர் குழுக்களில்) கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சி தொடங்கிவிடும். கூடவே என் போனுக்கு பி.டி.எஃப்.களும் வரத் தொடங்கும், "அண்ணா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் மியூஸ்ஸ்கோர் என்ற நொட்டேஷன் மென்பொருளை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட காலேஜ் பிள்ளைகள். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ் என்று நான்கு குரலுக்கும் பாட்டை நன்றாகவே அமைத்திருப்பார்கள். தாளில் இறக்கிய விதம்தான் படுத்தும். தப்பு நோட்டு, விட்டுப்போன ஷார்ப் எல்லாம் முதல் பயிற்சியிலேயே யாராவது பிடித்துவிடுவார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஜெராக்ஸ் போட்டு ஆளாளுக்குக் கொடுத்த பிறகு தெரியவருகிறவை பற்றித்தான் இங்கே பேச்சு. பாதிக்கு மேல் நானும் ஒரு காலத்தில் செய்தவைதான்.

குறைந்த பக்கத்தில் அடக்குவது

மியூஸ்ஸ்கோர் தானாக வைக்கும் ஸ்டாஃப் (நோட்டு எழுதும் ஐந்து கோடுகள்) உயரம் 7 மில்லிமீட்டர். நாலு பக்கம் வருகிறதே என்று அதை 4 மில்லிமீட்டருக்குக் குறைத்து இரண்டு பக்கத்தில் திணிப்பார்கள். லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். டிசம்பர் ராத்திரியில் எஸ்டேட் லயன் வாசலில், மூடுபனிக்குள், ஒருவர் பிடித்திருக்கும் டார்ச்சில் மூன்று பேர் எட்டிப் பார்த்துப் பாடும்போது தெரியாது. கொயருக்கு 6 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்குக் கீழே போகவேண்டாம்.

பாட்டு வரியின் எழுத்தையும் அப்படியே சுருக்குவார்கள். ஆங்கிலம் 8 பாயின்ட்டில் தாங்கும். தமிழில் ன, ண இரண்டின் சுழியும் அந்த அளவில் ஒன்றாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி ஜெராக்ஸில் காணாமல் போகும். 11 பாயின்ட் வேண்டும். ஒரு வரிக்கு நாலு பார் (தாளக் கட்டம்) கொள்ளாவிட்டால் மூன்று போதும்.

டெனாருக்கு வெறும் டிரெபிள் கிளெஃப்

எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே பாடு என்று சொல்ல, அடியில் சின்னதாக 8 இருக்கிற கிளெஃப் (வரித் தொடக்கக் குறி) இருக்கிறது. அதைப் போடுங்கள்.

பாட்டு வரியை ஸ்பேஸ் தட்டி ஒட்டுவது

இதைப் பார்த்தால் மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது.

பாட்டு வரிக்கென்று மென்பொருளில் தனி வழி உண்டு. முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + எல் அழுத்தினால் லிரிக்ஸ் தொடங்கும். ஸ்பேஸ் தட்டினால் அடுத்த நோட்டுக்குப் போகும். சொல்லின் நடுவில் ஹைஃபன் தட்டினால் சொல் பிரிந்து, மிச்சம் அடுத்த நோட்டின் கீழே விழும். கடைசி அசை பல நோட்டுக்கு இழுபட்டால் அண்டர்ஸ்கோர். இப்படி அடித்தால் ஒவ்வொரு அசையும் அதனதன் நோட்டோடு கட்டுப்பட்டிருக்கும். அகலமான அசை வந்தால் நோட்டுகளே தள்ளி நின்று இடம் கொடுக்கும்.

இதை விட்டுவிட்டு, வரியின் முதல் நோட்டில் ஸ்டாஃப் டெக்ஸ்ட் என்ற சாதாரணக் குறிப்பு ஒன்றைப் போட்டு, மொத்த வரியையும் அதில் அடித்து, ஒவ்வொரு சொல்லும் நோட்டுக்கு நேராக வரும்வரை இடையில் ஸ்பேஸ் தட்டிக்கொண்டே போகிறார்கள். பழைய பாமினி எழுத்துருவில் சபை வைத்திருக்கும் பாட்டு வரியை அப்படியே எடுத்து ஒட்டச் சுலபமான வழி என்பதுதான் காரணம். திரையில் குறையே தெரியாது. யாரும் எதையும் மாற்றாதவரை தெரியாது.

ஒரு தம்பி இப்படித்தான் எஃப் மேஜரில் ஒரு கேரல் அடித்திருந்தான். ஞாயிறு பயிற்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் கொயர் மாஸ்டர் போன் செய்து, "டெனார் பசங்க மேல போக மாட்டேங்கிறாங்க, ஒரு டோன் இறக்கிடு" என்றிருக்கிறார். அவன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இ ஃபிளாட்டுக்கு டிரான்ஸ்போஸ் செய்தான். நோட்டுகள் சரியாக இறங்கின. ஆனால் எஃப் மேஜருக்கு ஒரு ஃபிளாட், இ ஃபிளாட் மேஜருக்கு மூன்று. அவற்றைக் காட்டும் கீ சிக்னேச்சர் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் அகலமாகி, நாலாவது பாரை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டது. ஒட்டிய டெக்ஸ்ட் முதல் நோட்டை மட்டும்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது? அதன் நீளம் குறையவில்லை. வால் தாளின் வலது ஓரத்தைத் தாண்டி வெட்டுப்பட்டது, அடுத்த வரியின் முதல் பாருக்குக் கீழே வார்த்தையே இல்லை, அதற்கப்புறம் எல்லாம் முன்னே பின்னே. நேரமில்லை என்று முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு குன்னூர் பெட்போர்டில் நாற்பது செட் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான். பயிற்சியில் சோப்ரானோ ஒரு சொல், ஆல்ட்டோ வேறு சொல். நாற்பது செட்டும் பின்பக்கம் கணக்குப் போடத்தான் ஆயிற்று.

என்னிடம் வந்தபோது, "ஸ்பேஸை மட்டும் சரிபண்ணிடலாமாண்ணா?" என்று கேட்டான். கூடாது. ஸ்டாஃப் டெக்ஸ்ட் அத்தனையையும் அழிக்கவேண்டும். வரிகளை யூனிகோடில், நோட்பேடில், ஹைஃபன் போட்டுப் பிரித்து அடித்துக்கொள்ளுங்கள். அதைக் காப்பி செய்து, முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் + எல் அழுத்தி, கன்ட்ரோல் + வி திரும்பத் திரும்பத் தட்டினால் ஒவ்வொரு அசையாக இறங்கும். கீபோர்டைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி மாற்றி அல்லாடவேண்டாம்.

பிரிக்கும்போது எழுத்தெழுத்தாகப் பிரிக்காதீர்கள். 'வணக்கம்' என்றால் வ-ணக்-கம், மூன்று நோட்டு. வ-ண-க்-க-ம் என்று அடித்தால் 'க்' தனியாக ஒரு நோட்டின் கீழே நிற்கும், அதை யார் எப்படிப் பாடுவது? கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்துவிட்டால் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம் வரும். அது பிரிண்டிலும் வரும். 'கா-ஆ-ஆ' என்று உயிரெழுத்தை அடுக்குவதும் வேண்டாம். நோட்டுகளுக்கு ஒரு ஸ்லர் (வளைகோடு) போட்டு, அசையை ஒரே தடவை எழுதினால் பாடகருக்குப் புரியும்.

இன்னொன்று. மியூஸ்ஸ்கோரில் தானாக அமைந்திருக்கும் எட்வின் எழுத்துருவில் தமிழ் கிடையாது. கணினி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். வேறு கணினியில் திறந்தால் வேறு எழுத்துரு, வேறு அகலம், வரிகள் இடம் மாறும். ஸ்டைலில் லிரிக்ஸுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒன்றை நீங்களே நிர்ணயித்துவிடுங்கள்.

எஃப், பி எல்லாம் ஸ்டாஃபுக்குக் கீழே

கீழே வார்த்தை இருக்கிறது. குரலுக்கு டைனமிக்ஸ் (சத்தமாக, மெதுவாக என்று சொல்லும் குறிகள்) மேலேதான்.

பக்கம் திருப்பும் இடம்

கீபோர்டு வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைப் பக்கங்களின் கடைசியில்தான் தாளைத் திருப்ப வேண்டியிருக்கும். அங்கே ஒரு கைக்காவது ஓய்வு வருகிற மாதிரி வரியை உடையுங்கள். பாரைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் வரி உடையும், கன்ட்ரோல் + என்டர் தட்டினால் பக்கம். இதற்காக ஒரு பக்கத்தின் அடியில் இரண்டு விரல் இடம் காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும். ஊட்டிக் குளிரில் கையுறையோடு வாசிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

பிளேபேக்கை நம்புவது

மென்பொருள் வாசித்துக் காட்டும்போது எல்லாம் சரியாகத்தான் கேட்கும். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காது, பாடுகிறவருக்கு வாங்கும்.

தாள்

குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் கேரல் பயிற்சியும் ஒரே மாதங்களில் வருகின்றன. பிரித்து வைத்த பேப்பர் கட்டு ஈரம் வாங்கிச் சுருண்டு, இரண்டு பக்கமும் ஓட்டும்போது மெஷினில் சிக்கும். கட்டை பிரிண்ட் எடுக்கும் அன்றைக்கே பிரியுங்கள். இங்க்ஜெட் வேண்டாம், பனித்துளி பட்டாலே மை கலையும். பக்க அளவு ஏ4தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது அமெரிக்க லெட்டர் அளவில் நின்றிருந்தால் கடைக்காரர் ஏதோ ஒரு விகிதத்துக்கு மாற்றித்தான் கொடுப்பார்.

ஒரே கோப்பை வைத்திருப்பது

1988இல் வந்த ஃபினாலே என்ற நொட்டேஷன் மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என்று அதன் நிறுவனமான மேக்மியூசிக் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்தவர்கள் எல்லாரும் கோப்புகளை வேறு மென்பொருளுக்கு மாற்றவேண்டிய நிலை. நீங்கள் எதில் அடித்தாலும், முடித்த பாட்டுக்கு ஒரு மியூசிக்எக்ஸ்எம்எல் நகலும் ஒரு பி.டி.எஃப்.பும் தனியே சேமித்து வையுங்கள். மியூசிக்எக்ஸ்எம்எல்லை டோரிக்கோ, சிபெலியஸ், மியூஸ்ஸ்கோர் மூன்றுமே திறக்கும்.

பார் எண்

ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் வரட்டும். "ரெண்டாம் பக்கம், மூணாவது வரி, அந்த நீள நோட்டுக்கு அடுத்தது" என்று மாஸ்டர் சொல்லி நாற்பது பேரும் தேடி முடிப்பதற்குள் கோத்தகிரிக்குக் கடைசி பஸ் போய்விடும்.