மொட்டை போட்ட பிள்ளைக்கு ஒரு குரோஷா தொப்பி, நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்றபடி

கைக்குழந்தைக்குக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், தொப்பி பின்னலாம் என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் பனி கொட்டும் ஊர்களுக்கான தொப்பிகள். காதை மூடும் மடிப்பு, உச்சியில் பெரிய குஞ்சம், தடித்த கம்பளி நூல். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி, காற்றிலும் ஈரம். இங்கே அது வேண்டாம், நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தங்கை மகளுக்கு ஏழாவது மாதம் கோயிலில் முடி இறக்கினோம். அதற்காக இரண்டு வாரம் உட்கார்ந்து அக்ரிலிக் நூலில் ஒரு தொப்பி பின்னியிருந்தேன். சந்தனம் காய்ந்ததும் போட்டுவிட்டோம், சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் தங்கை கழற்றிக் காட்டினாள். "அக்கா, தலையெல்லாம் நனைஞ்சு போச்சு பாருக்கா." மழித்த தலையில் நெற்றியோரம் முழுக்கப் பொடிப்பொடியாக வேர்க்குரு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று இரவே பருத்தி நூலை எடுத்து மறுபடி பின்னியதுதான் இப்போது சொல்லப் போகும் தொப்பி.

முதலில் நூல். நூறு சதவீதப் பருத்தி என்று லேபிளில் போட்டிருக்க வேண்டும், கனம் 8 பிளை அல்லது டிகே, இரண்டும் ஒரே நடுத்தரக் கனம்தான். ஸ்பாட்லைட் கைவினைக் கடையில் கிடைக்கும், சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரிலுள்ள கைவினைக் கடையிலும் கிடைக்கும். வாங்கும் முன் நூலை உங்கள் கழுத்தில் கொஞ்ச நேரம் தேய்த்துப் பாருங்கள், உங்களுக்குக் குத்தினால் பிள்ளைக்கும் குத்தும். சின்னப் பிள்ளைக்கு 50 கிராம் உருண்டை ஒன்று பெரும்பாலும் போதும், ஆறு மாதத்துக்கு மேல் என்றால் இன்னொன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், அதே சாய எண் பார்த்து ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். கொக்கி ஊசி 4 மிமீ.

அளவு எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்மண்டை எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே சுற்றி எடுக்க வேண்டும். டேப் இல்லையா, ஒரு நூலைச் சுற்றி வெட்டி ஸ்கேலில் வைத்து அளந்தால் சரி. தோழியின் பிள்ளைக்கு ரகசியமாகப் பின்னுகிறீர்கள் என்றால் அவள் வீட்டில் யாரையாவது பிள்ளையின் சுகாதாரக் கையேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், தலைச் சுற்றளவை அதில் குறித்திருப்பார்கள். பொதுவாகப் பிறந்த பிள்ளைக்கு 34, 35 செமீ, மூன்று மாதத்தில் 40, ஏழெட்டு மாதத்தில் 43, 44 இருக்கும். பருத்தி கம்பளி மாதிரி இழுத்துப் பிடிக்காது, அதனால் தொப்பியின் சுற்று தலையைவிட 2 செமீ குறைவாக இருந்தால் போதும். மொட்டை போடப் போகிறீர்கள் என்றால் முடி இறக்கிய பிறகு அளந்து பின்னுவது நல்லது, அடர்த்தியான முடி உள்ள பிள்ளைக்கு அளவு நிச்சயம் மாறும்.

பின்னத் தொடங்கும் முன் ஒன்று. நான் சொல்லும் டபுள் குரோஷா அமெரிக்க முறை: ஊசியில் ஒரு சுற்று நூல் போட்டு, உள்ளே விட்டு இழுத்தால் மூன்று கண்ணி இருக்கும், அதை இரண்டிரண்டாக முடிப்பது. இதையே பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் புத்தகங்களில் ட்ரெபிள் என்பார்கள். நம் நூலகங்களில் 746.434 என்ற எண்ணில் தேடினால் குரோஷா புத்தகங்கள் வரும், அவற்றில் இரண்டு வகையும் கலந்திருக்கும், முதல் பக்கத்திலேயே எந்த முறை என்று பார்த்துவிடுங்கள்.

உச்சியை மேஜிக் ரிங்கில், அதாவது விரலில் நூலைச் சுற்றிச் செய்து, இழுத்தால் இறுகும் வளையத்தில் தொடங்குங்கள். பருத்தி வழுக்கும், ஒற்றைச் சுற்று ரிங் நாலு முறை துவைத்தால் நெகிழ்ந்து நடுவில் ஓட்டை விழுந்துவிடும், அதனால் விரலில் இரண்டு சுற்று சுற்றியே தொடங்குவேன். மூன்று செயின் (கண்ணிக்குள் கண்ணியாக இழுக்கும் சங்கிலித் தையல்) போடுங்கள், அதுவே முதல் டபுளாகக் கணக்கு. ரிங்குக்குள் இன்னும் 11 டபுள், மொத்தம் 12, ஸ்லிப் ஸ்டிச் (சுற்றின் முடிவைத் தொடக்கத்தோடு இணைக்கும் குட்டித் தையல்) போட்டு மூடிவிடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, 24 வரும். மூன்றாவதில் ஒன்றில் இரண்டு, அடுத்ததில் ஒன்று, 36. நான்காவதில் ஒன்றில் இரண்டு, அப்புறம் இரண்டு தனி (அடுத்த இரண்டு ஸ்டிச்சிலும் ஒவ்வொன்று), 48. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் எண்ணுங்கள், தொடக்கத்து மூன்று செயினை மறந்துவிட்டு எண்ணினால்தான் கணக்கு ஒன்று இடிக்கும்.

பிறந்த பிள்ளைக்கு ஐந்தாவது சுற்றில் ஏழு தனியாகப் போட்டு எட்டாவதில் இரண்டு, 54 ஆனதும் நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதப் பிள்ளைக்கு ஒன்றில் இரண்டு, அப்புறம் மூன்று தனி, 60. ஏழெட்டு மாதமென்றால் அந்த 60க்கு மேல் இன்னொரு சுற்று, ஒன்பது தனி, பத்தாவதில் இரண்டு, 66. இப்போது அதை மேசையில் விரித்துப் பாருங்கள், பெரிய தோசைக்கல்லில் ஊற்றிய குட்டித் தோசை மாதிரி தட்டையாகக் கிடக்க வேண்டும். ஓரம் அலை அலையாக எழும்பினால் எங்கோ அதிகமாகக் கூட்டியிருக்கிறீர்கள், கிண்ணமாகக் குழிந்தால் குறைத்திருக்கிறீர்கள். குறுக்களவை அளந்து 3.14ஆல் பெருக்கினால் தொப்பியின் சுற்று வந்துவிடும். 60 ஸ்டிச் என்றால் குறுக்களவு 12 செமீ பக்கம் இருக்க வேண்டும். 13 வந்தால் உங்கள் கை தளர்வு, 3.5 ஊசிக்கு மாறுங்கள். பிரித்துவிட்டுத் தொடங்க மனசு வராது, ஆனாலும் பிரியுங்கள்.

உச்சியை இப்படி அடைத்துப் பின்னுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், மதியம் ஒரு மணி வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும். பக்கவாட்டில் வேண்டியது காற்று. அதனால் பக்கச் சுவரை வலையாகப் பின்ன வேண்டும்: நான்கு செயின் போடுங்கள், ஒரு ஸ்டிச்சை விட்டு அடுத்ததில் ஒரு டபுள், ஒரு செயின், ஒன்றை விட்டு ஒரு டபுள், இப்படியே சுற்றி வந்து அந்த நான்கு செயினில் மூன்றாவதில் ஸ்லிப் ஸ்டிச். அடுத்த சுற்றுகளில் டபுள் மேல் டபுள், நடுவில் ஒரு செயின். சின்ன அளவுக்கு ஐந்து சுற்று, நடு அளவுக்கு ஆறு, பெரியதற்கு ஏழு. அழகாக இருக்கிறதே என்று இரண்டு மூன்று செயின் விட்டு ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள், பிள்ளையின் விரல் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

வலை முடிந்ததும் ஓரத்துக்கு மூன்று சுற்று சிங்கிள் குரோஷா (முதலில் நூல் சுற்றாமல் ஊசியை விட்டு இழுத்து, இரண்டு கண்ணியையும் ஒன்றாக முடிப்பது), டபுள் மேல் ஒன்று, இடைவெளியில் ஒன்று, பழைய எண்ணிக்கை திரும்ப வந்துவிடும். இங்கேயே நிறுத்தினால் ஏர்கான் அறைக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் ஏற்ற தொப்பி. வெயிலுக்கு விளிம்பு வேண்டுமென்றால் அடுத்த சுற்றில் ஐந்து தனி, ஆறாவதில் இரண்டு, அதற்கடுத்த சுற்றில் ஆறு தனி, ஏழாவதில் இரண்டு, பிறகு கூட்டாமல் மூன்று சுற்று. சுமார் 3 செமீ வரும். அதற்கு மேல் அகலம் வேண்டாம். தள்ளுவண்டியில் சாயும்போது பின்பக்க விளிம்பு முட்டி, தொப்பி கண்ணை மறைத்துவிடும், பிள்ளை வீறிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை என்றால் தொப்பி இருக்கிறதே என்று வெயிலில் கொண்டுபோகாதீர்கள், நிழல்தான் சரி.

நூல் முனைகளைத் தையல் ஊசியால் ஒரு பக்கம் ஓட்டி, திருப்பி மறுபக்கமும் ஓட்டி, அப்புறம் வெட்டுங்கள். உள்ளே ஒரு நீள நூல் தொங்கினாலும் அது பிஞ்சு விரலில் சுற்றி இறுக்கிவிடக்கூடும். பொத்தான், மணி, தாடைக்குக் கட்டும் நாடா எதுவும் வேண்டவே வேண்டாம். தூங்கும்போது கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள், ஏர்கான் ஓடினாலும்தான். கைக்குழந்தைக்குச் சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறும், தூக்கத்தில் அதை மூடி வைப்பது ஆபத்து, தொப்பி நழுவி மூக்கை அடைத்துவிடவும் கூடும்.

நிறம் உங்கள் விருப்பம். நான் இரண்டாவது தொப்பிக்குச் சந்தன நிறத்திலேயே நூல் எடுத்தேன், தலையில் பூசிய சந்தனம் ஒட்டினாலும் தெரியாது. அடர் சிவப்பு, கருநீலம் என்றால் பின்னும் முன் ஒரு முழ நூலை வெந்நீரில் போட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போட்டுவிடும் முன் ஒரு முறை துவைத்துவிடுங்கள். துவைத்ததை மூங்கில் கம்பில் மாட்டி சன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள், ஈரப் பருத்தி தன் கனத்திலேயே இழுபட்டு நீண்டுவிடும். துண்டில் வைத்துச் சுருட்டி நீரை ஒற்றி எடுங்கள், அப்புறம் மீ சோட்டோ (நூடுல்ஸ் சூப்) சாப்பிடும் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் மாட்டி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், காலையில் வடிவம் கெடாமல் காய்ந்திருக்கும்.